ஒரு படப்புத்தகம், ஒரு வாரம்: குட்டிப் பிள்ளைகளோடு வீட்டிலேயே கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு படப்புத்தகத்தை எடுங்கள், ஒரு வாரம் அதையே வைத்து விளையாடுங்கள். ஃபிளாஷ் கார்டு, ஒர்க்‌ஷீட், விலை உயர்ந்த மர பொம்மை எதுவும் தேவையில்லை. நிறம், எண்ணிக்கை, கிழமை, பழம், பசி, தூக்கம், மேலே, கீழே எல்லாமே ஒரு நல்ல படப்புத்தகத்துக்குள் இருக்கின்றன. அதை அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் கொண்டுவருவதுதான் நம் வேலை.

ஒரே புத்தகம் சலித்துவிடாதா? சலிப்பது நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. மூன்று வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் இரு பிரிவின் காதிலும் ஒரே அளவில்தான் விழுந்தன. ஆனால் அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள். ஆகவே “இன்னொரு தடவை” என்று பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், தயங்காமல் படியுங்கள்.

முதல் படி: எந்தப் புத்தகம்?

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எதை அடிக்கடி எடுத்துவருகிறதோ, எந்தப் பக்கம் வந்தால் விரலை வைக்கிறதோ அதுதான் இந்த வாரத்துப் புத்தகம். புதிதாக வாங்குவதானால் கெட்டி அட்டையில் வரும் போர்டு புக் நல்லது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். படம் பெரிதாக, பின்னணியில் கூட்டம் இல்லாமல் இருக்கட்டும். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிற கதை என்றால் இன்னும் விசேஷம். இரண்டு நாளில் பிள்ளை அதை நம்மோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும் வீட்டில் பேசுகிற தமிழிலேயே கதையைச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாகப் படித்தே தீர வேண்டும் என்பது இல்லை.

இரண்டாம் படி: முதல் இரண்டு நாள் வெறும் வாசிப்பு

கத்தரிக்கோலையும் பெயின்ட்டையும் உடனே எடுக்காதீர்கள். கதை மனதில் ஏறினால்தான் விளையாட்டுக்குப் பொருள் வரும்.

முதல் நாள் நிறுத்தாமல் படித்துக்காட்டுங்கள். இரண்டாம் நாள் பேச்சை ஆரம்பியுங்கள். “இது என்ன?” என்று கேளுங்கள். பிள்ளை “புழு” என்றால், “ஆமா, பச்சைப் புழு!” என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு “பச்சைப் புழு, நீயும் சொல்லு” என்று கேளுங்கள். சொன்னால் பாராட்டுங்கள், சொல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் ஏறக்குறைய இதே முறையை இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் வீட்டில் செய்ததிலேயே, வழக்கம்போல் படித்த வீட்டுப் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளின் பேச்சு முன்னே போயிருந்தது. 1988இல் வெளியான ஆய்வு இது. மழலையர் கல்வியில் இன்றும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். இதைப் பெரியவர்கள் செய்வதே இல்லை. ஒரு நொடி அமைதி வந்தாலே நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், அதற்குள் பிள்ளையிடமிருந்து ஒரு சத்தமாவது, ஒரு விரல் நீட்டலாவது வரும். அதுவும் பதில்தான்.

மூன்றாம் படி: புழு வாரம்

எல்லோருக்கும் தெரிந்த புத்தகத்தையே எடுத்துக்கொள்கிறேன்: எரிக் கார்ல் எழுதி வரைந்த ‘தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்’. 1969இல் வந்தது, தமிழ்–ஆங்கில இருமொழிப் பதிப்பும் உண்டு. முட்டையிலிருந்து வந்த குட்டிப் புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம்ஸ், வியாழனன்று நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகும். சனிக்கிழமை பத்து விதத் தின்பண்டம், வயிற்றுவலி. ஞாயிறன்று ஒரு பச்சை இலை. அப்புறம் கூடு, கடைசியில் பட்டாம்பூச்சி.

இந்தப் புத்தகத்தின் உயிர் அதன் ஓட்டைகள். காகிதக் கற்றையில் பஞ்ச் வைத்துத் துளை போட்டு விளையாடியபோதுதான் கார்லுக்கு இந்த யோசனையே வந்தது. துளையும், சிறிதும் பெரிதுமான பக்கங்களுமாக இதைக் கட்டுப்படியாகும் விலைக்கு அச்சடிக்க அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல், முதல் பதிப்பு ஜப்பானில் அச்சானது. அந்தத் துளை குழந்தை விரலுக்குச் சரியாக இருக்கும். பிள்ளை அதில் விரலை விட்டு மறுபக்கம் எட்டிப்பார்க்கும்போது தடுக்காதீர்கள், “புழு உள்ளே போயிடுச்சு... வெளியே வந்துடுச்சு!” என்று கூடவே சொல்லுங்கள். உள்ளே, வெளியே என்ற இரண்டு சொற்கள் அங்கேயே பதிந்துவிடும்.

வாரத்துக்கு முன் ஒரு தயாரிப்பு உண்டு. பழைய சாக்ஸ் ஒன்றை எடுத்து, விரல் நுனிப் பக்கம் மார்க்கரால் இரண்டு கண் வரையுங்கள். பொத்தான் தைக்க வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுவிடும். பிஸ்கட் அட்டை, சோப்பு அட்டை எல்லாவற்றையும் உள்ளங்கையைவிடப் பெரிய பழங்களாக வெட்டி, நடுவில் உங்கள் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். சாக்ஸைக் கையில் மாட்டினால் புழு தயார். அட்டைப் பழத்தின் ஓட்டைக்குள் நுழைந்து கை வழியாக ஏறி வரும். பிள்ளை ஊட்ட ஊட்ட அது தின்னும். பெரும்பாலான வீடுகளில் வாரம் முழுவதும் இந்த ஒன்றே போதுமானதாக இருக்கும். மற்ற நாட்களின் வேலைகள் இதைச் சுற்றித்தான்.

திங்கள்: நிஜ ஆப்பிள். பிள்ளை இரண்டு கையாலும் தூக்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும், தரையில் உருட்டட்டும். பிறகு நீங்கள் குறுக்காக வெட்டிக் காட்டுங்கள், விதைக்கூடு நட்சத்திரம் போலத் தெரியும். ஒரு துண்டை அட்டைப் பழத்தின் பக்கத்தில் வைத்து “இதைத் திங்கலாம், இதைத் திங்க முடியாது” என்று பேசுங்கள். தின்னக் கொடுப்பதானால் மெல்லியதாகச் சீவியோ வேகவைத்தோ கொடுங்கள்.

செவ்வாய்: பேரிக்காய் கிடைக்காவிட்டால் கொய்யா. பிளம்ஸோ ஸ்ட்ராபெரியோ தேடி அலைய வேண்டாம், நம் வீட்டுப் புழு சப்போட்டாவும் பப்பாளியும் தின்னட்டும். இன்று அச்சு குத்தலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ வரும், வாழைத்தண்டை வெட்டினால் வளையம். பீட்ரூட் சாறு, மஞ்சள் கரைசல், அரைத்து வடிகட்டிய கீரைச் சாறு ஆகியவை நிறங்கள். வளையங்களை வரிசையாகக் குத்தினால் புழுவின் உடம்பு வந்துவிடும். வரிசையாக வராது, காகிதம் முழுக்கச் சிதறித்தான் வரும். கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள், அந்தச் சிதறலிலேயே “இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு” என்று எண்ணலாம்.

புதன்: இலையில் ஓட்டை. பூவரசு இலையோ வாழை இலைத் துண்டோ எடுத்து, நீங்கள் அதைத் துளை போடும் பஞ்ச் கருவியில் செருகிப் பிடிக்க, பிள்ளை இரண்டு கையாலும் அமுக்கட்டும். டக் என்று சத்தம், கீழே ஒரு பச்சை வட்டம். இதற்கு ஈடான உற்சாகத்தைக் கடை பொம்மையில் நான் பார்த்ததில்லை. இரண்டரை வயதைத் தாண்டியவர்கள், முனை கட்டிய ஷூ லேஸை அந்த ஓட்டைகளில் கோக்கலாம். பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இது நல்ல வேலை.

வியாழன்: சப்பாத்தி மாவு. கடையில் வாங்கும் களிமண்ணைவிட இதுதான் இந்த வயதுக்குச் சரி. வீட்டிலேயே விளையாட்டு மாவு செய்பவர்கள் உப்பை அள்ளிப் போடுவார்கள். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது வேண்டாம். எலுமிச்சை அளவு உருண்டைகளைப் பிடித்து ஒட்டினால் புழு, தட்டினால் இலை. உருட்டு, தட்டு, அமுக்கு, கிள்ளு, நீட்டு: கை செய்யும்போதே இந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

வெள்ளி: கார்ல் வரைந்த விதத்தையே செய்து பார்க்கலாம். அவர் மெல்லிய டிஷ்யூ தாளில் வண்ணம் தீட்டி, காயவைத்து, வெட்டி ஒட்டித்தான் படங்களை உருவாக்கினார். காலையில் பிள்ளை இரண்டு மூன்று தாள்களில் விரலால் வண்ணம் தேய்க்கட்டும். மதியத் தூக்கத்தின்போது நீங்கள் வட்டங்களாக வெட்டிவையுங்கள். மாலையில் மைதா பசை தடவி ஒட்டட்டும். ஐந்து ஆரஞ்சு கணக்கு வரும் நாள் என்றாலும் எண்ணச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். இந்த வயதில் பத்து வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் “மூணு குடு” என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். அது தவறே இல்லை. ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கை புரிவது வேறு. முதலில் ஒன்று புரியும், பல மாதம் கழித்து இரண்டு, அப்புறம்தான் மூன்று. ஒன்றையும் இரண்டையும் நிஜப் பொருளில் காட்டிக்கொண்டிருங்கள், போதும்.

சனிக்கிழமை சாக்ஸ் புழுவுக்குப் பிள்ளை தனக்குப் பிடித்ததையெல்லாம் ஊட்டட்டும். முறுக்கு, ஜிலேபி, பஜ்ஜி, ஐஸ்கிரீம். கடைசியில் புழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட வேண்டும். “பாவம், என்ன பண்ணலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் கொடுக்கும், தடவிக்கொடுக்கும், ஊசி போடும். தனக்கு வலித்தபோது நாம் செய்ததையெல்லாம் அது புழுவுக்குச் செய்வதைப் பார்ப்பீர்கள்.

ஞாயிறு, பழைய பருத்திச் சேலை. முகம் வெளியே இருக்கும்படி, கழுத்துக்குக் கீழே தளர்வாகப் பிள்ளையைச் சுற்றுங்கள். “புழு தூங்குது... தூங்குது...” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டே போய், சட்டென்று “பட்டாம்பூச்சி!” என்று சேலையை உருவிவிடுங்கள். அதே சேலைத் தலைப்பு தோளில் சிறகாகிவிடும். அறை முழுக்க ஓடும் இடத்தை முன்கூட்டியே ஒழித்துவையுங்கள், சேலை காலில் தட்டும்.

நான்காம் படி: நிஜப் புழுவைக் காட்டுங்கள்

மேலே சொன்னதில் பாதியை விட்டாலும் இதை விடாதீர்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு இது எளிது. தொட்டியில் ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் போதும், கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் தேடிவந்து முட்டையிடும். கொழுந்து இலைகளில் கடுகைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் உருண்டையைத் தேடுங்கள். அதிலிருந்து வரும் புழு முதலில் கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரி இருக்கும். பறவைகள் கண்ணில் படாமல் தப்பிக்க அந்த வேடம். வளர்ந்த பிறகுதான் பச்சை. அந்தப் பச்சைப் புழுவைக் குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் இரண்டு கொம்பு எழும்பி, ஒரு காட்டமான வாசனை வரும். அது பயப்படுகிறது என்று சொல்லிக்கொடுங்கள், ஒரு தடவைக்கு மேல் தொட வேண்டாம்.

செடியிலேயே விட்டுத் தினமும் போய்ப் பார்ப்பது நல்லது. பறவையும் குளவியும் கொண்டுபோய்விடும் என்று தோன்றினால், புழு இருக்கும் கிளையோடு வெட்டி, அகலமான கண்ணாடி ஜாடியில் வைத்து, வாயில் மெல்லிய துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். தினமும் புது இலை. கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே கூடாது, பூச்சிமருந்து இருந்தால் புழு செத்துவிடும். அடியில் சேரும் கரும்பச்சை எச்ச உருண்டைகளைக் கொட்டிச் சுத்தம் செய்யுங்கள். இந்த வேலையில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வம் தனி. காலையில் இருந்த இலை மாலையில் நடு நரம்பு மட்டுமாக நிற்கும். புத்தகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து அந்த ஓட்டைகளையும் இந்த ஓட்டைகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ஒரு நாள் புழு தின்பதை நிறுத்தும். குச்சியில் ஏறி, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோல் உரிந்து கூட்டுப்புழுவாகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பட்டாம்பூச்சி வரும், அதுவும் அதிகாலையில். சிறகு ஈரமாக, கசங்கி இருக்கும். காய்ந்து விரியும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகு அதே செடியின் பக்கத்தில் விட்டுவிடுங்கள். சில கூடுகளிலிருந்து ஒன்றும் வராது, குட்டிக் குளவிகள் உள்ளே முட்டையிட்டிருக்கும். “இது வரல” என்று உள்ளபடி சொல்லலாம், பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

முடி உள்ள கம்பளிப்பூச்சியை, முக்கியமாக முருங்கை மரத்தில் கூட்டமாக இருப்பவற்றைத் தொடவிடாதீர்கள், உடம்பெல்லாம் அரிக்கும். எருக்கஞ்செடியிலும் அரளியிலும் அழகான புழுக்கள் உண்டு. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அரளி முழுக்கவே விஷம். அந்தப் பக்கம் வேண்டாம்.

எந்த விளையாட்டுக்கும் முன்னால்: பாதுகாப்பு

ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நுழைந்துவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். எண்ணி விளையாடப் புளியங்கொட்டை, பட்டாணி, மணி என்று பலர் எடுத்துக் கொடுக்கிறார்கள். பட்டாணி மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊதி, எடுப்பது பெரும்பாடு. பாட்டி வீட்டுப் பல்லாங்குழிப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். குன்றிமணி இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். சிவப்பில் கருப்புப் பொட்டுள்ள அந்த விதை கொடிய விஷம், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். எண்ணுவதற்குப் பாட்டில் மூடியைவிடப் பெரியதாக, எலுமிச்சைப் பழம், வெங்காயம், டம்ளர் என்று கொடுங்கள்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழு வேர்க்கடலை வேண்டாம். பொத்தானை அமுக்கினால் பாட்டுப் பாடும் புத்தகங்களில் பட்டன் பேட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்குரூ போட்டு முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான்.

ஐந்தாம் படி: அடுத்த வாரப் புத்தகங்கள்

எரிக் ஹில்லின் ‘வேர்இஸ் ஸ்பாட்?’ 1980இல் வந்தது, அம்மா நாய் தன் குட்டியைத் தேடும் கதை. கதவைத் திறந்தால் கரடி, கட்டிலுக்கு அடியில் முதலை. மடிப்பைத் தூக்கித் தூக்கிப் பார்க்கலாம். வீட்டில் ஒரு பொம்மையை ஒளித்துவைத்துத் தேடுங்கள். “கட்டிலுக்குக் கீழே இருக்கா?” “இல்லை!” “கதவுக்குப் பின்னாடி?” “இல்லை!” இந்த வயதுக்கு மிகவும் பிடித்த சொல் “இல்லை”தான், அதை நாள் முழுக்க அனுமதியோடு சொல்ல ஒரு வழி. ஒளித்துவைக்கும் இடம் பாதி தெரியும்படி இருக்கட்டும்.

பேட் ஹட்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’ (1968) மொத்தமே 32 சொற்கள். ஒரு கோழி உலாப் போகிறது, பின்னால் ஒரு நரி வருகிறது. எழுத்தில் நரி என்ற பேச்சே கிடையாது, படத்தில் மட்டும்தான் இருக்கிறது. எழுத்துத் தெரியாத பிள்ளைதான் நமக்கு நரியைக் காட்டும், அந்தப் பெருமையை அதற்குக் கொடுங்கள். பிறகு தலையணை மேல் ஏறி, கட்டிலைச் சுற்றி, நாற்காலிக்கு அடியில் நுழைந்து வீட்டுக்குள்ளேயே ஓர் உலா. நரி வேலைக்குத் தாத்தாவைக் கூப்பிடுங்கள்.

பில் மார்ட்டின் எழுதி கார்ல் வரைந்த ‘பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டூ யூ ஸீ?’ (1967) நிறத்துக்கு. ஒவ்வொரு விலங்கையும் என்ன பார்க்கிறாய் என்று கேட்க, அது அடுத்ததைக் காட்டும். இந்தக் கேள்வி–பதில் முறையை வைத்து உங்கள் தெருவுக்கு ஒரு புத்தகம் செய்யலாம்: கருப்புக் காக்கா, பச்சைக் கிளி, சிவப்புச் செம்பருத்தி, மஞ்சள் ஆட்டோ. நிறத்தின் பெயர் சொல்ல வராத பிள்ளையிடம் “இது என்ன கலர்?” என்று விசாரிக்காதீர்கள். “இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துட்டு வா” என்று கேளுங்கள். பொருத்துவது முதலில் வரும், பெயர் பிறகு வரும்.

தமிழ்ப் புத்தகம் வேண்டுவோருக்கு இரண்டு வழி. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கலாம், முதல் நிலைக் கதைகள் இந்த வயதுக்குச் சரி. போனில் காட்டுவதைவிட அச்செடுத்துக் கொடுங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப்புத்தகங்கள் இன்னொரு வழி.

பிள்ளை ஒத்துழைக்காவிட்டால்

ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான், பொருட்களைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். வண்ணம் கையில் ஒட்டுவது பிடிக்காத பிள்ளைக்குப் பஞ்சு கட்டிய குச்சியோ, வண்ணத்தோடு ஜிப் மூடிய பிளாஸ்டிக் பையோ கொடுங்கள். புத்தகத்தைக் கடிக்கிற கட்டம் என்றால் துணிப் புத்தகம். எந்தப் பக்கத்தையும் பார்க்காமல் திருப்பிக்கொண்டே போனால், அந்த வேகத்திலேயே ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரியவனோ பெரியவளோ சாக்ஸ் புழுவை ஆட்டட்டும், சின்னதுக்கு ஊட்டும் வேலை.

தெருப் புத்தகம் செய்யும் முறை

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள், பதினாறு பக்கம் கிடைக்கும். மடிப்பில் மூன்று துளை போட்டுக் கெட்டி நூலால் தையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்தால் விரலைக் கிழிக்கும். பக்கத்துக்கு ஒரு படம். நீங்கள் வரையலாம், போனில் எடுத்ததை அச்செடுத்தும் ஒட்டலாம். கீழே ஒரே வரி, பெரிய எழுத்தில். கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் புகைப்படம் இருக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் அகல செலோடேப்பை ஒட்டி, முனைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள். அட்டையில் எழுதியவர் என்ற இடத்தில் பிள்ளையின் பெயரைப் போட்டு, மற்றப் புத்தகங்களோடு கை எட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள்.